பத்தொன்பது திங்கட்கிழமைகள்

விம்கோ நகர், திருவொற்றியூர்
12.10.2003

ரமாபாய்க்கு,

உன் அண்ணன் செங்குட்டுவன் எழுதுகிறேன். நாலு மாதமாக உன்னோடு பேசவில்லை. இப்போதும் சமாதானம் பேச எழுதவில்லை. பூத்துக்குப் போய் போன் போடச் சொன்னாள் உன் அண்ணி நீலா. உன் குரலைக் கேட்டால் மறுபடி சண்டைதான் வரும். காகிதமே தேவலை.

என்னை வேலையிலிருந்து சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். தொட்டி செத்துப்போய்விட்டது. நீ பார்த்த அதே தொட்டிதான். ஆலையின் கழிவுநீர் எல்லாம் வந்து விழும்; காற்றடித்துக் கலக்குவோம்; நீ ஆராய்ச்சி செய்கிற, கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் அந்த அழுக்கைத் தின்று தீர்க்கும்; தண்ணீர் தெளிந்து கால்வாய்க்குப் போகும். பதினாறு வருஷமாக அதற்கு நான்தான் காவல்.

போன வாரம் சனிக்கிழமை, நாலாம் தேதி, ஆயுத பூஜை. நமக்குப் பூஜை கிடையாது. ஆனாலும் மெஷினைக் கழுவித் துடைப்பதில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை என்று உனக்குத் தெரியும். அவனவன் தன் மெஷினுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டுக்கொண்டிருந்தான். என் இடம் மட்டும் பாசி பிடித்துக் கிடக்கலாமா? வழக்கமாகச் சோப்புத்தூள் போடுவேன். இந்த வருஷம் ஸ்டோரில் அது தீர்ந்துவிட்டது, பிளீச்சிங் பவுடர் கொடுத்தார்கள். இரண்டு மூட்டை. தரை, கம்பி, பம்ப் ரூம் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். பார்த்தவர்கள் அத்தனை பேரும் பாராட்டினார்கள். கழுவின தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. வாய்க்கால் தொட்டிக்குள் போகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை, பதினாறு வருஷக்காரனுக்கு.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் தொட்டியில் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை. அழுகின முட்டை நாற்றம். வெளியே போகிற தண்ணீர் கறுப்பு. செவ்வாய்க்கிழமை எண்ணூர் முகத்துவாரத்தில் மீன் செத்து மிதந்தது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். புதன்கிழமை என் கையில் மெமோ. உற்பத்தி மேலாளர் ஞானதுரை, பூஜைக்குக் கொட்டின பிளீச்சிங் பவுடர்தான் காரணம், செங்குட்டுவன்தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். டிசம்பரில் விசாரணை. வேலை போனாலும் போகும்.

நான் ஒன்றுதான் கேட்கிறேன். அத்தனையையும் கொன்றது நான்தானா? ஆமாம் என்றால் சொல்லிவிடு. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஃப்ரீசரில் உனக்குச் சேர வேண்டிய சரக்கு இருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா?

பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

செங்குட்டுவன்


புனே
18.10.2003

அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்ததும் பயந்துபோனேன். அப்புறம் கோபம் வந்தது. மெமோ வாங்கிய பிறகுதான் உனக்குத் தங்கை என்று ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்ததா?

ஃப்ரீசரில் இருப்பது தொட்டித் தண்ணீர் எடுத்த குப்பிகள் என்று நினைக்கிறேன். ஜூனில் சண்டை போட்டதோடு நீ நிறுத்தியிருப்பாய் என்றுதான் இருந்தேன். எடுத்திருக்கிறாய் என்றால் சந்தோஷம். ஆனால் குப்பியில் எழுதியிருப்பது உண்மையான தேதியா, மே மாதத் தேதியா?

நீ செய்ததன் கனம் உனக்கு இன்னும் புரியவில்லை, அதனால் மறுபடி சொல்கிறேன். ஒரே தொட்டியில் வாரா வாரம் எத்தனை வகை நுண்ணுயிர் இருக்கிறது, அந்தக் கூட்டம் நாள் போகப் போக எப்படி மாறுகிறது. என் ஆராய்ச்சியே அதுதான். நீ அனுப்பும் குப்பியிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, கூழ்ப் பலகை மாதிரியான ஒரு ஜெல்லில் ஓட்டுவேன். வாரத்துக்கு ஒரு பட்டை வரும். பட்டையில் குறுக்கே கோடுகள் விழும். ஒரு கோடு என்றால் ஏறத்தாழ ஒரு வகை உயிர். இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் ஏதாவது மாறியே தீரும். ஒரு கோடு தடிக்கும், ஒன்று மங்கும், புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கும். 2002 ஜனவரியிலிருந்து இந்த ஏப்ரல் வரை நீ அனுப்பிய அறுபத்தொன்பது குப்பிகளும் அப்படித்தான். மே மாதத்தின் நாலு மட்டும் அச்சு அடித்த மாதிரி ஒன்றாக இருந்தன. ஒரே நாளில் நாலையும் நிரப்பி நாலு தேதி எழுதிவிட்டாய். கேட்டதற்கு ஜுரம் என்றாய். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடம் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் அண்ணன் எடுத்த மற்ற குப்பிகளை எப்படி நம்புவது என்று கேட்டார்.

எல்லாவற்றையும் அனுப்பு. ஒன்று பொய்யாக இருந்தாலும் ஜெல் காட்டிக் கொடுத்துவிடும். விடை எதுவானாலும் அப்படியே எழுதுவேன். நீதான் கொன்றாய் என்றால் நீதான் என்றுதான் எழுதுவேன், அண்ணன் என்பதற்காக ஒரு கோட்டைக்கூட மாற்ற மாட்டேன்.

அண்ணியை நன்றாகப் பார்த்துக்கொள். அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

ரமாபாய்


விம்கோ நகர்
26.10.2003

ரமாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அத்தனை குப்பியையும் சாக்கடையில் கொட்டத்தான் எழுந்தேன். நீலா ஃப்ரிட்ஜ் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "சொம்மா உதார் உடாத. அஞ்சு மாசமா என் ஃப்ரீசர்ல இந்தக் கலீஜ வச்சிகினு ஒரு ஐஸ் கட்டி போட முடியாம கஷ்டப்பட்டுகினு கீறேன். இப்போ கொட்டப் போறியா? அந்தப் பொண்ணு கேட்டதுல இன்னா தப்பு?" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

மொத்தம் பத்தொன்பது குப்பி. ஜூன் இரண்டிலிருந்து அக்டோபர் ஆறு வரை, பத்தொன்பது திங்கட்கிழமை. நீ சண்டை போட்டுவிட்டுப் போன மறுநாளும் திங்கட்கிழமைதான். அன்றைக்கும் எடுத்தேன். உனக்கு அனுப்பவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. உன் மேல்தான் கோபம், தொட்டி மேல் இல்லையே.

நீ அன்று நம் வீட்டில் வைத்துச் சொன்னதை நானும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன், மனசிலிருந்து போகட்டும். "சாக்கடைத் தொட்டி கழுவுறவனுக்கு ஆராய்ச்சியப் பத்தி இன்னா தெரியும்?" என்றாய். எத்திராஜ் நின்றுகொண்டிருந்தான். பதினோரு வருஷமாக என்னோடு ஒரே ஷிப்டில் தொட்டியில் இறங்குகிறவன். அவனையும் சேர்த்துத்தானே சொன்னாய்? அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். எனக்கு வலித்தது அதுதான்.

என் பக்கத்துப் பொய்யையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் எனக்கு ஜுரம் இல்லை. வியாசர்பாடியில் கேரம் போட்டி. மாதம் பூரா சாயங்காலம் ஆனால் அங்கேதான். அரையிறுதி வரை போனோம். கடைசி திங்கட்கிழமைதான் குப்பி ஞாபகம் வந்தது. தண்ணீர் தண்ணீர்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நாலையும் ஒரே முட்டாக முக்கி எடுத்தேன். கண்ணுக்கே தெரியாத ஜந்துகள் என்னைப் போட்டுக் கொடுக்கும் என்று கனவா கண்டேன்?

இன்னொன்று. செப்டம்பர் நடுவிலிருந்தே தொட்டி சரியில்லை. நல்ல தொட்டியில் மழை பெய்த மண் வாசனை இருக்கும். அது போய், பெயிண்டர்கள் பிரஷ் கழுவுகிற தின்னர் நெடி அடித்தது. நுரையின் நிறமும் வெளுத்துவிட்டது. ஞானதுரையிடம் போய்ச் சொன்னேன். "நீ தொட்டியப் பாரு, புரொடக்‌ஷன நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்குமேல் நானும் அழுத்திக் கேட்கவில்லை.

பெட்டி நாளைக் கிளம்புகிறது. காசிமேட்டு ரஹீம் பாய் மீன் பெட்டி ஒன்றில் ஐஸை உடைத்துப் போட்டு, குப்பிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நடுவில் வைத்துக் கொடுத்தார். அவர் மச்சான் தாதர் எக்ஸ்பிரஸில் ஏசி மெக்கானிக். புனே ஸ்டேஷனில் இறக்கிக் கொடுப்பார். உன் லேப் முழுவதும் வஞ்சிர நாற்றம் அடித்தால் நான் பொறுப்பில்லை.

உன் விடைக்குக் காத்திருக்கும்,
செங்குட்டுவன்


புனே
16.11.2003

என் அருமை அண்ணா,

நீ கொல்லவில்லை. நீ கொல்லவில்லை, நீ கொல்லவில்லை. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி உட்கார்ந்து படி. சோறு சாப்பிட்டுவிட்டுப் படித்தாலும் சரி.

பெட்டி வந்தபோது ஐஸ் முக்கால்வாசி கரையாமல் இருந்தது. நாற்றத்தைப் பற்றி மேடம் இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார், அதை விடு. பத்தொன்பதையும் ஓட்டினேன். சந்தேகம் தீராமல் இரண்டாம் முறையும் ஓட்டினேன். அதே விடைதான்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுவதும் ஒவ்வொரு பட்டையிலும் இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு கோடுகள். வாரா வாரம் மெல்ல மாறுகின்றன. எந்த இரண்டு வாரமும் ஒன்றுபோல் இல்லை. செப்டம்பர் எட்டு வரை இப்படித்தான். பதினைந்தாம் தேதி பத்தொன்பது கோடு. இருபத்திரண்டில் பதினொன்று. இருபத்தொன்பதில் ஆறு. அக்டோபர் ஆறில் நாலு.

ஆயுத பூஜை அக்டோபர் நாலு. அதற்கு மூன்று வாரம் முன்பே உன் தொட்டி சாகத் தொடங்கிவிட்டது அண்ணா. நீ மூட்டையைப் பிரித்தபோது அதற்கு மூச்சு மட்டும்தான் பாக்கி. பிளீச்சிங் பவுடர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆறை நாலாக்கியிருக்கலாம். ஆனால் இருபத்தேழை ஆறாக்கியது அது இல்லை. செப்டம்பர் எட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில் உங்கள் ஆலையில் ஏதோ புதிதாகத் தொட்டிக்கு வர ஆரம்பித்திருக்கிறது. நீ சொன்ன தின்னர் நெடிக்கும் இதற்கும் தேதி சரியாகப் பொருந்துகிறது.

குதித்தேன். மேடம் இருக்கிறார் என்பதும் மறந்து குதித்தேன். அவர் ஜெல் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார், உட்கார்ந்துவிட்டேன். குற்றம் சாட்டப்பட்டவன்தான் குப்பி எடுத்தவன். விசாரணையில் யார் நம்புவார்கள்? தொட்டி செத்த பிறகு உட்கார்ந்து தேதி எழுதி ஒட்டினான் என்று சொல்ல மாட்டார்களா?

நான் ஒரு பதில் சொன்னேன். தொட்டி செத்த பிறகு அதில் நாலே வகைதான் இருக்கிறது. அதிலிருந்து இருபத்தேழு கோடு வருகிற குப்பியை எவனாலும் நிரப்ப முடியாது. மேடம் தலையாட்டிவிட்டு, இன்னொரு சாட்சியும் உன்னிடமே இருக்கிறதே என்றார். என் லேப் நோட்டில் அறுபத்தொன்றாம் பக்கம். ஜூன் பத்தாம் தேதி நான் எழுதி, மேடம் கையெழுத்துப் போட்டது. "மே மாதக் குப்பிகள் நான்கும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவை. எடுத்தவர் தேதியைப் பொய்யாக எழுதியிருக்கிறார். கணக்கில் சேர்க்கவில்லை." பொய்யான குப்பியை இந்த முறை கண்டுபிடித்துவிடும் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. உன் தொட்டி நன்றாக இருந்த காலத்தில், யாரும் யாரையும் குற்றம் சொல்லாத காலத்தில் எழுதியது.

ஆனால் அந்தப் பக்கத்தைக் காட்டினால், நீ பொய் சொன்னது உன் ஆலை முழுவதுக்கும் தெரியும். வாரா வாரம் எடுக்கத் தவறியது ஏன் என்று கேட்பார்கள். நீயே எழுந்து நின்று சொல்ல வேண்டியிருக்கும். உன்னைக் கேட்காமல் அனுப்ப மாட்டேன். என்ன சொல்கிறாய்?

உன் கடிதத்தைப் பார்க்கிற வரை எனக்குத் தூக்கம் வராது.

ரமா


விம்கோ நகர்
22.11.2003

ரமாவுக்கு,

கடிதத்தை நீலாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். "நீ கொல்லவில்லை" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். நாற்பத்திரண்டு வயதில் பெண்டாட்டி முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். ஒன்றரை மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அதற்காக நீ என்ன திட்டினாலும் பொறுத்துக்கொள்வேன்.

ஆனால் அந்தப் பக்கம் வேண்டாம்.

உனக்குத் தெரியாது, இந்த ஆலையில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. மீட்டரைப் பார்க்காமலே ரீடிங் எழுதுகிற பசங்களை நான்தான் பிடித்துத் திட்டுவேன். "செங்குட்டுவன் எழுதினா பாக்காம கையெழுத்து போடலாம்" என்று முன்பிருந்த மேலாளர் சொல்வார். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, கேரம் ஆடப் போய்விட்டு நாலு தேதி பொய்யாக எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? ஞானதுரை அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார். படத்தை மட்டும் அனுப்பு. அது போதும்.

செங்குட்டுவன்


புனே
26.11.2003

அண்ணா,

படத்தை மட்டும் அனுப்ப மாட்டேன். அறுபத்தொன்றாம் பக்கம் இல்லாத படம் வெறும் படம்தான். ஒரு வக்கீல் அரை நிமிஷத்தில் கிழித்துப் போட்டுவிடுவான்.

உன்னை வெட்கப்படச் சொல்லிவிட்டு நான் மட்டும் நல்லவளாக உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் இதைக் கேள். ஜூனில் நான் சொன்னது அநியாயம். படிப்பு தலைக்கு ஏறிப் பேசிய பேச்சு. என் அறுபத்தொன்பது குப்பியும் நீ தொட்டி ஓரம் குனிந்து எடுத்தது. மழையிலும் எடுத்தாய், பொங்கல் அன்றும் எடுத்தாய். உன் மூக்கு சொன்ன தேதியை எட்டு நாள் ராப்பகலாக வேலை செய்துதான் என் ஜெல் கண்டுபிடித்தது. எத்திராஜ் அண்ணனுக்கு இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். நீ படித்துவிட்டு அவரிடம் கொடு. அவர் நாலு பேருக்குப் படித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

நான் செய்துவிட்டேன். இனி உன் முறை.

பயமும் ஆசையுமாக,
ரமா


2.12.2003

ரமாவுக்கு,

எத்திராஜ் உன் காகிதத்தை வாங்கிப் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "படிச்ச பொண்ணே எய்திக் குடுத்துக்குது மாமு. உனுக்கு இன்னா கிரீடமா கயண்டு வியுந்துடும்? போய் சொல்லுபா" என்றான். நீலாவும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்றாள்.

அறுபத்தொன்றாம் பக்கத்தை அனுப்பு. பதினொன்றாம் தேதி விசாரணை.

செங்குட்டுவன்


விம்கோ நகர்
12.12.2003

என் தங்கம் ரமாவுக்கு,

ஜெயித்துவிட்டோம். நேற்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். பக்கம் எத்தனை ஆனாலும் சரி.

காலை பத்தரைக்கு ஆரம்பித்தது. விசாரணை அதிகாரி ரிட்டையர் ஆன தொழிலாளர் துறைக்காரர், தடிமனான கண்ணாடி. அந்தப் பக்கம் ஞானதுரை. இந்தப் பக்கம் நானும் யூனியன் தங்கப்பாண்டியும். சாட்சி பெஞ்சில் எத்திராஜும் இன்னும் ஏழெட்டுப் பேரும். ஞானதுரை முக்கால் மணி நேரம் பேசினார். இரண்டு மூட்டை, ஆயுத பூஜை, வாய்க்கால், மீன் செத்தது. எல்லாம் நிஜம்தான். கேட்கக் கேட்க எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

பிறகு தங்கப்பாண்டி உன் படத்தையும் நோட்டுப் பக்கத்தையும் உங்கள் மேடம் கடிதத்தையும் கொடுத்தார். ஞானதுரை சிரித்தார். "சார், குப்பி எடுத்தது இவன். டெஸ்ட் பண்ணது இவன் தங்கச்சி. இத எப்படி சார் நம்பறது?"

நான் எழுந்தேன். "சார், நான் ஒரு தபா பொய் எய்தினேன். மே மாசம். கேரம் ஆடப் போய்ட்டேன். நாலு குப்பியும் ஒரே நாள்ல எட்த்துட்டு நாலு தேதி போட்டேன். என் தங்கச்சி கண்டுபுட்ச்சி, நான் பொய்யன்னு நோட்ல எய்தி வச்சிக்குது. அதான் அந்தப் பக்கம்" என்றேன். பெஞ்சில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். எத்திராஜ் திரும்பி முறைத்ததும் அடங்கினான்.

அதிகாரி எழுந்தார். படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். திரும்பி வந்து, மேசை மேல் வைத்து, கீழே எழுதியிருந்த தேதிகளை மட்டும் ஒரு காகிதத்தால் மூடினார். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை பட்டைகள் வரிசையாக இருந்தன. ஞானதுரையைக் கூப்பிட்டார்.

"இதுல நாலு பொய்னு சொல்றாங்க. எந்த நாலுன்னு நீங்களே காட்டுங்க பாப்போம்."

"எனக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது சார்."

"படிப்பு வேணாம். கண்ணு இருந்தா போதும்."

ஞானதுரை குனிந்தார். விரல் போனது, வந்தது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்தடுத்து இருந்த நாலு பட்டைகள் மேல் வந்து நின்றது. அதிகாரி காகிதத்தை எடுத்தார். மே ஐந்து, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு. ரமா, அந்த நிமிஷத்தில் நான் பொய்யன் என்று என் எதிரியே விரல் வைத்துக் காட்டினார், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! இப்படி ஒரு மனுஷன் உலகத்தில் இருந்திருப்பானா?

அதிகாரி விடவில்லை. "அப்போ மத்ததெல்லாம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. சரி. கோடு குறைய ஆரம்பிக்கறது எந்த இடத்துல?" ஞானதுரை காட்டினார். வேறு வழியில்லை, படம் கண் எதிரே இருக்கிறது. செப்டம்பர் பதினைந்து.

"ஆயுத பூஜை அக்டோபர் நாலு. செப்டம்பர் ரெண்டாவது வாரம் உங்க ஆலையில என்ன புதுசா ஆரம்பிச்சீங்க?"

ஞானதுரை தன் ஃபைலைப் புரட்டத் தொடங்கினார். பெஞ்சிலிருந்து எத்திராஜ் எழுந்தான். அவன் என் நடத்தைக்குச் சாட்சி சொல்ல வந்தவன், இதற்கு இல்லை. "நான் சொல்றேன் சார். பத்தாந்தேதி புச்சா ஒரு சரக்கு போட ஆரம்பிச்சாங்கோ. அந்த டிரம்ம தின்னர்ல கய்வி, கய்வின தின்னர வாய்க்கால்ல உட சொன்னாங்கோ. தனியா அனுப்பணும்னு ரூலு கீது சார். லாரி வர்ல, சொம்மா உடுன்னு இவுருதான் சொன்னாரு. இன்னிக்கி வரிக்கும் உட்டுகினுதான் கீறோம்." உன் காகிதம் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. வேலை போய்விடும் என்று அதுவரை என்னிடம்கூடச் சொல்லாதவன். தெரிந்தேதான் பேசினான்.

கடைசியில் அதிகாரி என்னைக் கேட்டார். "பிளீச்சிங் பவுடரால ஒண்ணுமே ஆகலைன்னு சொல்றீங்களா?"

"இல்ல சார். என் தங்கச்சி ஆறு நாலாச்சுன்னு எய்திக்குது. அந்த ரெண்டு என் கணக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த அறையில இன்னிக்கு அவங்கவங்க கணக்க ஒத்துக்கிட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றார். உத்தரவு வர நாள் ஆகும். ஆனால் எழுந்து போகும்போது தங்கப்பாண்டி என் தோளைத் தட்டி, "போய் யூனிபார்ம தோச்சி வையிங்க செங்குட்டுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் எத்திராஜ் என்னைத் தூக்கிவிட்டான். நானும் மறுபடி அழுதேன். நீலா கறி வாங்கி வைத்திருந்தாள். ஃப்ரீசர் காலி என்பதால் ஐஸ் போட்டு ரோஸ்மில்க் வேறு.

உன்னால் தலை நிமிர்ந்த,
அண்ணன்


புனே
25.4.2004

அண்ணா,

ஜனவரியில் உன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதினாய். ஞானதுரை மூன்று மாதமாகப் பாக்கெட் பாக்கெட்டாக ஏதோ பொடி வாங்கிக் கொட்டியும் எழாத தொட்டியை, நீ தின்னர் வாய்க்காலை அடைக்கச் சொல்லிவிட்டு, மாநகராட்சிக் கழிவுநீர் நிலையத்திலிருந்து இரண்டு லாரி சகதியும் மாட்டுச் சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றி எழுப்பப் போவதாகச் சொன்னாய். உண்மையைச் சொன்னால், எனக்கு நம்பிக்கை இல்லை. வெல்லத்தைப் பார்த்ததும் பொங்கல் வைக்கிறாயா என்றுதான் நினைத்தேன்.

நீ அனுப்பிய பதின்மூன்று குப்பியும் முடிந்துவிட்டன. கேள். முதல் வாரம் ஐந்து கோடு. மூன்றாம் வாரம் ஒன்பது. பிப்ரவரி நடுவில் பதினாலு. அங்கே இரண்டு வாரம் அசையாமல் நின்றது. பிறகு பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தேழு. போன வாரக் குப்பியில் முப்பத்தொன்று.

முப்பத்தொன்று அண்ணா! செத்துப்போன தொட்டியில், அது நன்றாக இருந்த நாளில்கூட இல்லாத அளவு. வந்திருப்பது பழைய கூட்டமும் இல்லை. பழைய கோடுகளில் பதினாறுதான் திரும்பியிருக்கின்றன. மற்ற பதினைந்தும் புதியவை. தொட்டி பழைய நிலைக்குத் திரும்பும் என்று என் ஆராய்ச்சியின் முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். திரும்பவில்லை, வேறு ஒரு கூட்டம் வந்து அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது. அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுகிறேன். தப்பாக எழுதியதைக் கிழிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மேடம் என்னைக் கூப்பிட்டு, "உன் அண்ணனுக்கு என் வணக்கத்தை எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

முப்பத்தொன்று முத்தங்களுடன்,
ரமா


விம்கோ நகர்
3.5.2004

ரமாக்கண்ணு,

உன் கடிதம் வந்த அன்றே பம்ப் ரூம் கரும்பலகையில் '31' என்று பெரிதாக எழுதினேன். ஷிப்டுக்கு வருகிறவன் எல்லாம் என்ன நம்பர் என்று கேட்டான். எத்திராஜ் விளக்கம் சொன்னான், பாதி தப்பாக. இப்போது கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஆகிவிட்டது. கேட் வாட்ச்மேன்கூட "இந்த வாரம் எத்தினிபா?" என்று கேட்கிறார். தண்ணீர் கண்ணாடி மாதிரி போகிறது. கால்வாய் ஓரத்தில் கெண்டைக் குஞ்சுகளைப் பார்த்தேன் என்று ஒருத்தன் சொன்னான். நான் இன்னும் பார்க்கவில்லை, பார்த்தால்தான் எழுதுவேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஞானதுரையை அந்த இடத்திலிருந்து மாற்றவில்லை. எழுத்தில் எச்சரிக்கை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் கசப்புதான். காலை பதினொரு மணிக்கு அவரே தொட்டிப் பக்கம் வந்தார். பின்னால் இரண்டு பேர் ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வாய்க்கால் அருகில் நிறுத்தச் சொன்னார். மூடியைத் திறக்கவில்லை. படி ஏறி என் பக்கத்தில் வந்து நின்று, கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செங்குட்டுவன், லாரி நாளைக்குத்தான் வருதாம். இந்த ஒரு டிரம்ம மட்டும் உள்ள விடலாமா?"

கேட்டார், ரமா. சொல்லவில்லை, கேட்டார்.

"கூடாது சார்" என்றேன்.

பதினாறு வருஷத்தில் இந்த ஆலையில் ஒரு மேலாளரிடம் நான் சொன்ன முதல் 'கூடாது' இது. அவர் கீழே இறங்கிப் போய், டிரம்மைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். அது தரையில் உருண்டு ஷெட்டுக்குத் திரும்பிப் போகிற சத்தத்தை, அது அடங்குகிற வரை நின்று கேட்டேன்.

உன் அண்ணன்,
செங்குட்டுவன்
தொட்டி ஆபரேட்டர்